ஸ்டார்ட்அப் நிறுவனர்: பணம் தருபவர், வழி சொல்பவர், சொந்த மனம்

புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்குபவருக்கு வந்து சேரும் அறிவுரைகள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைச் சுற்றியே இருக்கும். யாரிடம் பணம் வாங்குவது, யார் பேச்சைக் கேட்பது, மனத்தை எப்படி வைத்துக்கொள்வது. மூன்றுக்கும் பதில் சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஆனால் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒருவர் வெளி முதலீட்டைத் தொடவே கூடாது என்பார். இன்னொருவர் கிடைக்கும்போதே வாங்கிக்கொள் என்பார். இருவரும் தங்கள் அனுபவத்திலிருந்து உண்மையைத்தான் சொல்கிறார்கள். வெவ்வேறு வகைத் தொழில்களை ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் இது.

இதற்கு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஸோஹோ கார்ப்பரேஷன் ஆன நிறுவனம் வெஞ்சர் கேப்பிட்டல் பணத்தை வாங்காமலே வளர்ந்தது. வாடிக்கையாளர் கொடுத்த பணத்தில் அடுத்த மென்பொருளை எழுதியது. அங்கே பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் வெளியேறி, ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011இல் ஆக்செல் என்ற வெஞ்சர் நிறுவனத்திடமிருந்து 10 லட்சம் டாலர் வாங்கினார். அதன் பிறகு சுற்றுச் சுற்றாக முதலீடு வந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலருக்கு விற்று, 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே துறை, எதிரெதிரான இரண்டு முடிவுகள். இரண்டுமே பலித்தன. எனவே வெளிப்பணம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அந்தப் பணம் என்ன எதிர்பார்க்கிறது, தொழிலால் அதைக் கொடுக்க முடியுமா என்றுதான் கேட்க வேண்டும்.

வெஞ்சர் பணத்தின் கணக்கு

தமிழ்நாட்டு வணிகக் குடும்பங்களுக்குப் பழக்கமான பணம் கடன்தான். வட்டி உண்டு, தவணை உண்டு, ஜாமீன் உண்டு. கட்டி முடித்தால் கொடுத்தவருக்கும் தொழிலுக்கும் உள்ள உறவும் முடிந்தது. வெஞ்சர் கேப்பிட்டல் எனும் பங்கு முதலீடு வேறு மாதிரியானது. தொழில் நொடித்தால் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அதற்கு ஈடாக, ஜெயித்தால் மிகப் பெரிதாக ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்த முறைக்கு முன்னோடி, 1946இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டோரியோ முதலியோர் நிறுவிய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் நிறுவனம். 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் அது போட்ட 70,000 டாலர், பிற்பாடு பல கோடி டாலராகப் பெருகியது. அது போட்ட மற்ற பல முதலீடுகளின் பலனை இந்த ஒன்றே மிஞ்சிவிட்டது. இன்றைக்கும் இந்தத் தொழில் ஓடுவது அந்தக் கணக்கில்தான்.

ஒரு வெஞ்சர் நிதியை நடத்துபவர் போடுவது பெரும்பாலும் சொந்தப் பணம் அல்ல. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பணக்காரக் குடும்பங்கள் ஆகியவற்றிடம் திரட்டிய பணம் அது. வழக்கமான ஏற்பாட்டில் ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணமும், லாபத்தில் 20 சதவீதமும் அவருக்கு. நிதியின் ஆயுள் சுமார் 10 ஆண்டு. அதற்குள் பணத்தைப் பெருக்கித் திருப்பித் தர வேண்டும்.

500 கோடி ரூபாய் நிதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு நிறுவனத்தில் 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. அந்த நிறுவனம் 100 கோடிக்கு விலை போகிறது. நிதிக்குக் கிடைப்பது 15 கோடி, அதாவது மொத்தத் தொகையில் 3 சதவீதம். போட்ட 500 கோடியை அந்த ஒரு நிறுவனத்திலிருந்தே மீட்க வேண்டுமென்றால் அது 3,300 கோடிக்கு மேல் விலை போக வேண்டும். 60 சதவீதப் பங்கைக் கையில் வைத்திருக்கும் நிறுவனருக்கு அதே 100 கோடி விற்பனை 60 கோடி ரூபாய், வாழ்நாள் சம்பாத்தியம். ஒரே விற்பனை ஒருவருக்குப் பெருவெற்றியாகவும் மற்றவருக்குப் பொருட்டில்லாததாகவும் இருப்பது இப்படித்தான். ‘இன்னும் வேகமாக வளருங்கள், இப்போது விற்காதீர்கள்’ என்று முதலீட்டாளர் வற்புறுத்தும்போது அவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவதில் பொருளில்லை. அவர் தன் நிதியின் கணக்கைத்தான் சொல்கிறார். ஆண்டுக்கு 20, 30 சதவீதம் சீராக வளர்ந்து லாபமும் தரும் தொழில் இந்த நாட்டில் ஆயிரமாயிரம் உண்டு. அவை நல்ல தொழில்கள். வெஞ்சர் பணத்துக்கு ஏற்றவை அல்ல, அவ்வளவுதான்.

எந்தக் கட்டத்தில் யாரிடம்

ஆரம்பத்தில் பணம் வரும் இடங்கள்: சொந்தச் சேமிப்பு, உறவும் நட்பும், அரசு மானியங்கள், ஏஞ்சல் முதலீட்டாளர்கள். 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 945 கோடி ரூபாய் ஒதுக்கியது. இன்குபேட்டர்கள் எனும் தொழில் வளர்ப்பு மையங்கள் வழியாக, மாதிரி உருவாக்க 20 லட்சம் வரை மானியமும், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ மாற்றத்தக்க பத்திரமாகவோ தர அது வகை செய்தது. தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டமும் இந்த முதல் கட்டத்துக்கானது. சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி நிர்வகிக்கும் 10,000 கோடி ரூபாய் நிதியைக் கேள்விப்பட்டு நேரே அங்கே விண்ணப்பிக்கப் போய் ஏமாறுபவர்கள் உண்டு. அந்தப் பணம் வெஞ்சர் நிதிகளுக்குத்தான் போகும். அவற்றின் வழியாகவே ஸ்டார்ட்அப்களை எட்டும்.

ஏஞ்சல் முதலீட்டாளர் தன் சொந்தப் பணத்தைப் போடுபவர். 2006இல் இந்தியன் ஏஞ்சல் நெட்வொர்க்கும் 2007இல் தி சென்னை ஏஞ்சல்ஸும் தொடங்கிய பின் இவர்களை அணுகுவது கொஞ்சம் எளிதானது. 2012இல் வந்த ‘ஏஞ்சல் வரி’ இந்தப் பாதையில் நெடுங்காலம் முள்ளாகக் கிடந்தது. நியாயமான மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குப் பங்கு விற்றால், கூடுதல் தொகையை நிறுவனத்தின் வருமானமாகக் கருதி வரி கேட்டார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் அது நீக்கப்பட்டது.

பணத்தோடு வேறு நலன்களும் சேர்ந்து வரும் என்பதற்கு ஏத்தர் எனர்ஜி பாடமாக இருக்கிறது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய மின் ஸ்கூட்டர் நிறுவனம் இது. 2014இல் ஃப்ளிப்கார்ட் நிறுவனர்கள் 10 லட்சம் டாலர் போட்டார்கள். 2015இல் டைகர் குளோபல் என்ற முதலீட்டு நிறுவனம் 1.2 கோடி டாலர் போட்டது. 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாயோடு உள்ளே வந்தது. ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018இல்தான். பொருளைத் தயாரித்து விற்கும் தொழிலுக்கு இவ்வளவு பொறுமையான பணம் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சி விகிதம் கேட்கும் முதலீட்டாளர் இங்கே பொருந்த மாட்டார். ஹீரோவைப் போல அதே துறையில் இருக்கும் பெரிய நிறுவனம் முதலீடு செய்தால் அனுபவமும் நம்பகமும் சேரும். ஆனால் 2022இல் ஹீரோ தன் சொந்த மின் ஸ்கூட்டரை விடா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பங்குதாரரே போட்டியாளராகவும் ஆகக்கூடும் என்பதை இப்படிப்பட்ட முதலீட்டை வாங்கும் நாளிலேயே எண்ணிப் பார்த்து, எந்தத் தகவல் யாருக்குப் போகும் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏத்தர் தாக்குப்பிடித்து 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது.

முதலீட்டாளர் நிறுவனரை விசாரிப்பதைப் போல நிறுவனரும் முதலீட்டாளரை விசாரிப்பது அவசியம். அவருடைய பட்டியலில் ஜெயித்த நிறுவனங்களை விசாரித்தால் நல்லதுதான் காதில் விழும். மூடப்பட்ட நிறுவனத்தின் நிறுவனரைத் தேடிப் பிடித்துப் பேசுவதில்தான் விஷயம் இருக்கிறது. பணம் தீர்ந்த மாதத்தில் அந்த முதலீட்டாளர் தொலைபேசியை எடுத்தாரா என்பது அந்த நிறுவனருக்குத்தான் தெரியும்.

பத்திரத்தில் உள்ளவை

பேச்சு முடிந்ததும் முதலில் வருவது டெர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்கம். ரகசியம் காப்பது, குறிப்பிட்ட காலம் வேறு முதலீட்டாளரிடம் பேசாமலிருப்பது போன்ற ஓரிரு விதிகளைத் தவிர மற்றவை சட்டப்படி கட்டுப்படுத்தாது. கையெழுத்தானதுமே ஆள் சேர்ப்பதும் பெரிய அலுவலகம் பிடிப்பதும் ஆபத்து. பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நாள்வரை அது வராத பணம்தான். வந்த பிறகும் கடமை உண்டு: 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, தனிப்பட்ட முறையில் பங்கு விற்றுப் பெற்ற பணத்துக்கு 60 நாளுக்குள் பங்கை ஒதுக்கிவிட வேண்டும்.

நிறுவனர்கள் அதிகம் பேரம் பேசுவது வேல்யூவேஷனை, அதாவது நிறுவனத்துக்குப் போடும் மதிப்பைப் பற்றித்தான். விளைவு அதிகம் இருப்பதோ அடுத்த பக்கங்களில். இந்தியாவில் வெஞ்சர் முதலீடு பெரும்பாலும் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாற வேண்டிய முன்னுரிமைப் பங்குகளாகவே வரும். அதோடு ஒட்டி வருவது லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், அதாவது நிறுவனம் விலை போனால் முதலில் யார் எவ்வளவு எடுப்பது என்ற விதி. முதலீட்டாளர் 40 கோடி போட்டு 20 சதவீதப் பங்கு வைத்திருக்கிறார், நிறுவனம் 60 கோடிக்கு விலை போகிறது என்று கொள்வோம். 20 சதவீதக் கணக்குப்படி அவருக்கு வர வேண்டியது 12 கோடி. ஒரு மடங்கு முன்னுரிமை எழுதியிருந்தால் போட்ட 40 கோடியை அவர் முதலில் எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சுவது 20 கோடி. முன்னுரிமைத் தொகையை எடுத்த பிறகு மீதியிலும் பங்கு உண்டு என்று எழுதியிருந்தால் அந்த 20 கோடியிலும் 4 கோடி அவருக்குப் போகும். 200 கோடி வேல்யூவேஷன் வாங்கிவிட்டோம் என்று கொண்டாடிய நிறுவனர், இந்த ஒரு பத்தியைப் படிக்காமல் விட்டதன் விலையை விற்பனை நாளில் உணர்வார்.

பங்கு கரைவதும் மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. இரு நிறுவனர்கள் 100 சதவீதத்தில் தொடங்குகிறார்கள். விதைச் சுற்றில் 20 சதவீதம், ஊழியர் பங்குத் தொகுப்புக்கு 10, அடுத்த சுற்றில் 20, அதற்கடுத்ததில் 15 என்று புதிய பங்குகள் வெளியிட்டால் அவர்களிடம் மிஞ்சுவது சுமார் 49 சதவீதம். பாதிக்கும் கீழே இறங்கியாயிற்று. ஆனால் அதிகாரம் போவது பெரும்பாலும் இந்தச் சதவீதத்தால் அல்ல. இயக்குநர் குழுவில் எத்தனை இருக்கை, எந்தெந்த முடிவுக்கு முதலீட்டாளர் சம்மதம் கட்டாயம் என்ற பட்டியலால். 1985இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேற நேர்ந்ததும், 2015இல் ஹவுசிங் டாட் காம் நிறுவனரை அதன் இயக்குநர் குழு நீக்கியதும் குழுவின் அறையில் நடந்தவை. நோம் வாஸர்மன் என்ற ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட ‘தி ஃபவுண்டர்ஸ் டிலெமாஸ்’ நூலில் இதை, பணக்காரர் ஆவதா அரசராக இருப்பதா என்ற தேர்வாகப் பார்க்கிறார். இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. எது வேண்டும் என்று நிறுவனர் முதலிலேயே தெளிந்துகொண்டால் பிற்பாடு வரும் பல சண்டைகள் வராது.

நிறுவனர்களுக்கு இடையிலான ஒப்பந்தமும் இதே அளவு முக்கியம். நண்பர்கள் என்பதால் பாதிக்குப் பாதி என்று பேசிவிட்டு எழுதாமல் விடுவது பரவலான வழக்கம். எட்டாவது மாதத்தில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால், அவர் பெயரில் கிடக்கும் 50 சதவீதத்தைப் பார்த்து எந்த முதலீட்டாளரும் உள்ளே வர மாட்டார். நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும், முதல் ஆண்டு முடியும் முன் போனால் எதுவும் இல்லை என்ற வெஸ்ட்டிங் விதி இதற்காகவே இருக்கிறது. முதலீட்டாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் நிறுவனர்களே தமக்குள் இதை எழுதிக்கொள்வது நல்லது.

மிக உயர்ந்த மதிப்பும் சுமையாகலாம். இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பை எட்டியது. 2023 ஜூனில் அதன் தணிக்கையாளரும் முதலீட்டாளர் தரப்பு இயக்குநர்களும் விலகினார்கள். 2024 ஜூலையில் திவால் நடைமுறை தொடங்கியது. பேரளவுப் பணம் வந்த காலத்தில் கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்தச் சொல்லும் குரல் உள்ளே வலுவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

வழிகாட்டிகள்

வழிகாட்டியால் உண்மையிலேயே பயன் உண்டா? ஆரோன் சாட்டர்ஜி, ரெம்பிராண்ட் கோனிங் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் இந்தியாவில் 100 தொழில்நுட்ப நிறுவனர்களை வைத்துச் செய்த சோதனை 2019இல் வெளியானது. ஒரு பயிலரங்கில் நிறுவனர்களைக் குலுக்கல் முறையில் இணை சேர்த்து, ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்ல வைத்தார்கள். ஊழியர்களை ஒழுங்காக நிர்வகிப்பவர்களிடம், அதாவது தவறாமல் கூட்டம் போட்டு, இலக்கு வைத்து, அடிக்கடி குறைநிறை சொல்பவர்களிடம் அறிவுரை பெற்றவர்களின் நிறுவனங்கள் இரண்டு ஆண்டில் 28 சதவீதம் கூடுதலாக வளர்ந்தன. மூடப்படும் வாய்ப்பும் 10 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. ஏற்கெனவே எம்பிஏ படித்தவர்களிடமும் ஆக்ஸிலரேட்டர் எனும் பயிற்சித் திட்டத்தில் பயின்றவர்களிடமும் இந்த மாற்றம் தென்படவில்லை. அறிவுரை சொன்னவர்கள் புகழ்பெற்ற குருமார்கள் இல்லை, சக நிறுவனர்கள். அவர்கள் கற்றுக்கொடுத்ததும் தொலைநோக்குப் பார்வை போன்ற பெரிய விஷயம் இல்லை. வாராந்திரக் கூட்டம் நடத்துவது போன்ற சாதாரண வேலை. மேடைப் பேச்சாளர்களை வழிகாட்டியாகத் தேடி அலைபவர்கள் யோசிக்க வேண்டிய முடிவு இது.

சிறந்த வழிகாட்டி என்று பெயரெடுத்த பில் கேம்பல் ஒரு காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் கூகுளின் எரிக் ஷ்மிட்டுக்கும் அவர் சொன்னது தொழில்நுட்பம் பற்றி அல்ல. ஆட்களோடு எப்படிப் பழகுவது, குழுவில் பிணக்கை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றித்தான். துறை அறிவே முதன்மையாகத் தேவைப்படும் இடமும் உண்டு. 2017இல் சென்னையில் தொடங்கிய அக்னிகுல் காஸ்மாஸ், ராக்கெட் எஞ்சின் செய்ய ஐஐடி பேராசிரியர் சத்தியநாராயணன் சக்ரவர்த்தியை இணை நிறுவனராகவே சேர்த்துக்கொண்டது. எரிதல் பற்றிய ஆய்வுக்கூடம் இல்லாமல் அந்த வேலை நடக்காது. எந்தக் குறைக்கு ஆள் தேடுகிறோம் என்பது தெரியாமல் வழிகாட்டியைத் தேடினால் பெயர்தான் கிடைக்கும், பயன் கிடைக்காது. ரத்தப் பரிசோதனைக் கருவி செய்வதாகச் சொன்ன தெரனோஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸ்ஸிங்கரும் ஜார்ஜ் ஷல்ட்ஸும் இருந்தார்கள். இருவரும் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள். பரிசோதனைக் கூடத்தின் எண்களைக் கேள்வி கேட்கும் தகுதி அவர்களுக்கு இல்லை. அதன் நிறுவனர் 2022 ஜனவரியில் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது.

முதலீட்டாளரே வழிகாட்டியாகவும் இருக்கும்போது ஒரு வரம்பு உண்டு. நிறுவனத்தை விற்பதா, சம்பளம் தர முடியுமா, தொடர்வதா என்ற கேள்விகளில் அவருடைய நலன் கலந்திருக்கிறது. அந்தக் கேள்விகளைக் கேட்க, பங்கு எதுவும் இல்லாத ஒருவர் வேண்டும். இன்னொரு வகையினரிடம் எச்சரிக்கை தேவை: முதலீட்டாளரை அறிமுகம் செய்துவைக்கிறேன் என்று முன்பணமோ 2, 3 சதவீதப் பங்கோ கேட்பவர்கள். உண்மையாக உதவும் ஆலோசகருக்குப் பங்கு தருவது தவறில்லை. அது பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள், அதுவும் காலப்போக்கில் உரிமையாகும்படி எழுதப்படுகிறது.

பல வழிகாட்டிகளைக் கேட்டால் பல திசை கிடைக்கும். திறமையானவர்களை வேலைக்கு எடுத்துவிட்டு அவர்கள் போக்கில் விடு என்பது காலங்காலமான அறிவுரை. ஏர்பிஎன்பியில் அதைக் கேட்டு நடந்தது நன்மை தரவில்லை என்று அதன் இணை நிறுவனர் பிரையன் செஸ்கி பேசியதை வைத்து, ஸ்டார்ட்அப் முதலீட்டாளர் பால் கிரஹாம் 2024இல் எழுதிய கட்டுரை பெரும் விவாதமானது. அதைப் படித்துவிட்டு ஊழியரின் ஒவ்வொரு வேலையிலும் மூக்கை நுழைக்க ஆரம்பித்தவர்களும் உண்டு. வழிகாட்டியின் முடிவைக் கேட்பதைவிட, அந்த முடிவுக்கு வந்தபோது அவர் நிறுவனம் எந்த நிலையில் இருந்தது, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், கையில் எவ்வளவு பணம் இருந்தது என்று கேட்பது பயன் தரும்.

மனம்

நிறுவனர்களின் மனநிலை பற்றிய பேச்சு பெரும்பாலும் விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று போகும். ஆராய்ச்சி காட்டுவது வேறு. 1988இல் கூப்பர், வூ, டங்கல்பெர்க் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 2,994 தொழில்முனைவோரைக் கேட்டார்கள். வெற்றி வாய்ப்பு பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ என்றவர்கள் 81 சதவீதம்; தோல்விக்கே இடமில்லை என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. தன்னம்பிக்கைக்கு இங்கே பஞ்சமில்லை. அதைச் சோதிக்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம். இத்தாலியில் 116 ஸ்டார்ட்அப்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு மட்டும் தங்கள் எண்ணத்தை அறிவியல் கருதுகோள்போல எழுதி, முன்கூட்டியே அளவுகோல் வைத்துச் சோதிக்கப் பயிற்சி தந்தார்கள். அந்தக் குழு நன்றாகச் செயல்பட்டது. பலிக்காத யோசனையை மாற்றவும் கூடுதலாகத் தயாராக இருந்தது. அக்னிகுல் தன் அக்னிபான் ராக்கெட்டின் சோதனைப் பறப்பைப் பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தியது. எண் சரியில்லை என்றால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தும் மனம், எப்படியாவது செய்துவிடுவோம் என்ற மனத்தைவிட அரிது.

சரஸ் சரஸ்வதி என்ற மேலாண்மை ஆய்வாளர் அனுபவம் மிக்க தொழில்முனைவோரை ஆராய்ந்து 2001இல் சொன்ன கருத்து நிறுவனரின் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தும். எவ்வளவு லாபம் வரும் என்று கணக்கிட்டு அவர்கள் இறங்குவதில்லை; எவ்வளவு போனால் தாங்க முடியும் என்று கணக்கிட்டு இறங்குகிறார்கள். நம் ஊரில் இந்த வரம்பை மீறுவது சுலபம். முதலில் சேமிப்பு, பிறகு மனைவியின் நகை, பிறகு அப்பாவின் வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக அடகுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் இன்னும் மூன்று மாதம்தான் என்ற நம்பிக்கை இருக்கும். எதுவரை போவது என்பதைத் தொடங்கும் முன்பே குடும்பத்தோடு பேசி எழுதிவைத்துவிட வேண்டும். நெருக்கடியில் எடுக்கும் முடிவு அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும். முதலீடு வந்த பிறகு நிறுவனர் ஒரு சம்பளம் எடுத்துக்கொள்வதும் இதைச் சேர்ந்ததே. வாடகைக்குத் திண்டாடும் ஒருவரால் விலை பேசும் மேசையில் நிதானமாக உட்கார முடியாது.

மைக்கேல் ஃப்ரீமன் என்ற மனநல மருத்துவர் 242 தொழில்முனைவோரிடம் நடத்திய ஆய்வில் 49 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தூக்கத்தைத் துறப்பதை வீரமாகப் பேசும் வழக்கம் இதை மறைக்கிறது. மருத்துவரைப் பார்ப்பதும், வாரத்தில் ஒரு நாள் கணினியை மூடுவதும் நிறுவனத்தைக் காக்கும் வேலைகளில் சேரும்.

மூடுவதும் நிறுவனரின் வேலைதான். பெரும்பாலான ஸ்டார்ட்அப்களுக்கு அந்த நாள் வரும் என்பதால் அதற்கும் ஆயத்தம் தேவை. கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று மாதந்தோறும் எண்ணி, ஆறு மாதத்துக்குக் கீழே இறங்கும்போதே முதலீட்டாளர்களிடமும் மூத்த ஊழியர்களிடமும் சொல்லிவிட வேண்டும். கடைசி மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் பிடித்தம் செய்த வரியும் கட்டுவதற்கான தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். தனியார் கம்பெனியின் வருமான வரிப் பாக்கியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாவிட்டால், தன் பக்கம் பெரும் அசட்டையோ தவறோ இல்லை என்று நிரூபிக்க முடியாத இயக்குநரிடம் அதை வசூலிக்க இந்தியச் சட்டம் இடம் தருகிறது.